பூந்திக்கொட்டை மரத்தை வீட்டில் வளர்க்கலாமா? துணி துவைக்க அது உண்மையிலேயே உதவுமா?

வளர்க்கலாம், ஆனால் தொட்டியில் வேண்டாம். நல்ல உயரம் போகிற மரம் இது. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று நிற்கிறது. 2009-இல் விதை போட்டேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அதன் பெரிய கிளையை முறித்துப் போட்டது. முதல் காயைக் கண்டது 2019-இல். விதையிலிருந்து வரும் மரம் காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் பிடிக்கும்; அதற்கு மனம் இருந்தால் நடுங்கள்.

நான் நட்டதற்குக் காரணம் எங்கள் போர் தண்ணீர். சோப்பைத் தேய்த்தால் நுரை வராது, வெள்ளைத் திரி திரியாக வாளியில் மிதக்கும். தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து உண்டாக்கும் கசடு அது. துணியில் படிந்தால் வெள்ளை வேட்டியும் மங்கிப்போகும். பூந்திக்காயின் தோலில் இருப்பது சப்போனின் என்ற நுரைக்கும் பொருள். அது அந்த உப்புகளோடு சேர்ந்து கசடாவதில்லை. அதனால் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிறது. எங்கள் ஆயா பட்டுப் புடவையை வேறு எதிலும் நனைத்ததே இல்லை. வெள்ளிக் கொலுசும் அந்தத் தண்ணீரில்தான் பளிச்சென்று ஆகும்.

விதை கறுப்பாக, கோலிக்குண்டு போல இருக்கும். அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் அசையாது; என் முதல் பத்து விதைகள் அப்படித்தான் வீணாயின. அடுத்த பத்தைச் சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் தேயும்வரை உரசி, ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினேன். ஒரு மாதத்தில் நான்கு முளைத்தன. எங்கள் பக்கம் கடல் மணல் என்பதால் மூன்றடிக் குழியில் செம்மண்ணும் மாட்டெருவும் நிரப்பி நட்டேன். மொட்டைமாடி மழைநீர்க் குழாயையும் அதன் அடிக்கே திருப்பிவிட்டேன். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விடத் தவறாதீர்கள். சுவரை ஒட்டி நட வேண்டாம்.

மாசி, பங்குனியில் காய் உதிரும். புதுக்காய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். வெயிலில் சுருங்கியதும் கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் டப்பாவில் வைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. பத்துப் பன்னிரண்டு காயின் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசையுங்கள். பழுப்பு நீரின் மேல் நுரை திரண்டு எழும். வடிகட்டிப் பயன்படுத்தலாம். நம் ஊர் வெயிலில் இரண்டு நாளில் புளித்துவிடும், அதனால் அன்றன்றைக்குக் காய்ச்சுவதே நல்லது.

பட்டு, பருத்தி, தலைமுடி எல்லாவற்றுக்கும் அருமை. ஆனால் பிள்ளைகளின் சீருடைக் காலரில் ஏறிய அழுக்குக்கும் எண்ணெய்க் கறைக்கும் இது போதாது. அதற்கு நானும் சோப்புத்தூள்தான் போடுகிறேன். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலைக்குத் தேய்க்கும்போது குழந்தைகளைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் ஒரு துளிகூட அதில் விழக் கூடாது. சப்போனின் மீன்களுக்கு நஞ்சு.