ஷூ பெட்டியில் வந்த 9 சூப்பர்ஹீரோக்கள்: காலை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது போட்ட கராஜ் சேலில் ஒரு ஷூ பெட்டியை 20 டாலருக்கு வாங்கினேன். உள்ளே 9 சூப்பர்ஹீரோ பொம்மைகள். சிலவற்றில் 1984 என்று பொறித்திருக்கிறது. சூப்பர்மேனுக்கு கேப் (முதுகில் தொங்கும் துணி) இல்லை, பேட்மேனின் கேப் கிழிந்திருக்கிறது. ஒன்று மட்டும் கோட், டை, கண்ணாடியோடு ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி இருக்கிறது. அது வேறு ஏதோ செட் என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். இவையெல்லாம் என்ன? கழுவலாமா? 4 வயது மகன் கேட்கிறான், கொடுக்கலாமா? விற்றால் ஏதாவது தேறுமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதல் வேலையாக, அந்தக் கோட் போட்டவரை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். வேறு செட் இல்லை அவர். சூப்பர்மேனேதான், கிளார்க் கென்ட் என்ற பெயரில் சாதாரண மனிதராக வேஷம் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கடை அலமாரியில் அந்தப் பொம்மை ஒருநாளும் தொங்கியதில்லை. மற்ற பொம்மைகளின் அட்டையில் இருந்த, வாங்கியதற்கான அத்தாட்சிச் சீட்டுகளை வெட்டிச் சேர்த்து அனுப்பியவர்களுக்கு மட்டும் தபாலில் வந்தது. பெட்டியில் அவர் இருக்கிறார் என்றால், அந்த வீட்டில் யாரோ ஒரு பிள்ளை கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து அட்டைகளை வெட்டியிருக்கிறது என்று நம்பலாம். உங்கள் 20 டாலருக்கு அவர் ஒருவரே போதும்.

உங்களிடம் இருப்பது கென்னர் கம்பெனியின் 'சூப்பர் பவர்ஸ்' வரிசை. 1984 முதல் 1986 வரை மூன்றே ஆண்டுகள் வந்தது. கென்னர் இருந்த ஊர் சின்சினாட்டி. உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 1978இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை வெளியிட்டுப் பேர் வாங்கியதும் இதே கம்பெனிதான்.

இவர்களுக்கு முன்னால் டிசி, மார்வெல் என்ற இரண்டு காமிக்ஸ் கம்பெனிகளின் நாயகர்களையும் 8 அங்குலப் பொம்மைகளாக, துணி உடுப்பு மாட்டி விற்றது நியூயார்க்கின் மீகோ கம்பெனி. 1982இல் மீகோ திவால் ஆனது. டிசி உரிமை கென்னருக்குப் போனது. ஹீ-மேன் பொம்மைகளால் கொடிகட்டிப் பறந்த மேட்டல் சும்மா இருக்குமா? மார்வெலைப் பிடித்து 1984இல் 'சீக்ரெட் வார்ஸ்' வரிசையை இறக்கியது. அந்தக் காலத்துப் பையன்கள் இரண்டையும் கலந்து வைத்துதான் விளையாடியிருப்பார்கள். ஆனால் இரண்டையும் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். சீக்ரெட் வார்ஸில் பல பாத்திரங்களுக்கு ஒரே உடம்பு, தலையும் நிறமும்தான் மாறும். கென்னரில் தலை, உடம்பு, நிற்கும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. டிசிக்காக ஓவியர் ஹோசே லூயிஸ் கார்சியா-லோபஸ் வரைந்த உருவங்களை அப்படியே பிளாஸ்டிக்கில் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறார்கள். 40 ஆண்டு கழித்தும் அந்தச் சூப்பர்மேன் முகத்தைப் பார்த்தால் இவர்தான் சூப்பர்மேன் என்று மனசு ஒப்புக்கொள்கிறது. பொம்மைகளில் இது சாதாரண விஷயம் இல்லை.

இனி அசலா என்று பார்க்கும் வழி. பொறித்திருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். அது காப்புரிமை ஆண்டு, அச்சில் வார்த்த ஆண்டு அல்ல. அசல் சோதனை கையில்தான் இருக்கிறது. பொம்மையின் இரண்டு தொடைகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். சூப்பர்மேனின் கை குத்தும். ஹாக்மேனின் இறக்கை அடிக்கும். ஃப்ளாஷுக்குத் தலைகீழ்: கைகளை அழுத்தினால் கால்கள் ஓடும். அக்வாமேனுக்கும் அப்படியே, நீந்துகிற மாதிரி கால் உதைக்கும். உடம்புக்குள் ஒளிந்திருக்கும் சின்ன நெம்புகோல் அமைப்பு இது. வரிசைக்கு 'சூப்பர் பவர்ஸ்' என்ற பெயர் பொருந்துவதே இதனால்தான். பாறை முகத்தோடு இருக்கிறாரே வில்லன் டார்க்சைட், அவர் பின்மண்டையை விளக்குக்கு நேராகப் பிடித்து முகத்தைப் பாருங்கள். கண் சிவப்பாக ஒளிரும். பேட்டரி கிடையாது. பின்னால் விழும் வெளிச்சம் ஒளிபுகும் பிளாஸ்டிக் வழியாகக் கண்ணுக்கு வருகிறது, அவ்வளவுதான். மகனுக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக்குக்கு 40 வயது. இறுகிப்போயிருந்தால் வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள். உள்ளே உடைந்தால் பொம்மையைப் பிளக்காமல் சரிசெய்ய முடியாது. கணுக்காலைப் பிடித்தும் அழுத்தக் கூடாது, தொடைதான்.

படங்களில் இருக்கும் 9 பேரில் இரண்டு பேரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒருவர் பச்சை உடையில் கேள்விக்குறி போட்ட ரிட்லர். கென்னர் அமெரிக்காவில் ரிட்லரை வெளியிடவே இல்லை. அர்ஜென்டினாவில் உரிமம் பெற்ற ஒரு கம்பெனி மட்டும் கிரீன் லான்டர்ன் அச்சிலேயே வேறு வண்ணம் அடித்து 'எல் அசெர்டிஹோ' என்று விற்றது. சேகரிப்பாளர்கள் தவம் கிடக்கும் பொம்மை அது. ஆசை காட்டி ஏமாற்ற எனக்கு மனமில்லை. உங்களிடம் இருப்பது அநேகமாக டாய் பிஸ் கம்பெனியுடையது. 1989இல் பேட்மேன் படம் வந்த கையோடு, டாய் பிஸ் டிசி உரிமையை வாங்கி, கென்னர் பொம்மைகளைப் பார்த்துப் பார்த்து அதே சாயலில் ஒரு வரிசை செய்தது. ஜோக்கரும் பெங்குவினும் எட்ட இருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கிட்டே போனால் முகத்தில் செதுக்கல் மழுங்கியிருக்கும், பெயின்ட் சுமாராக இருக்கும். 1989 அல்லது அதற்குப் பிந்திய ஆண்டு பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் ஜோக்கரையும் பெங்குவினையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் வில்லாளி. கென்னரே 1991இல் ராபின் ஹூட் படத்துக்குப் பொம்மைகள் செய்தபோது, புது அச்சுக்குச் செலவு செய்யாமல் கிரீன் ஆரோவின் உடம்பையே ராபின் ஹூட்டாக்கிவிட்டது. அதனால் இந்த ஒரு பொம்மைக்கு நிறத்தையும் பொறிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படத்தில் தெரியும் முழுப் பச்சை உடையை வைத்துக் கிரீன் ஆரோ என்றே சொல்வேன். பொறிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எது அரிது, எது சாதாரணம் என்பது வரிசையின் கதையிலேயே இருக்கிறது. 1984இல் 12 பேர் வந்தார்கள்: சூப்பர்மேன், பேட்மேன், ராபின், வொண்டர் வுமன், ஃப்ளாஷ், கிரீன் லான்டர்ன், ஹாக்மேன், அக்வாமேன், எதிரணியில் லெக்ஸ் லூதர், ஜோக்கர், பெங்குவின், பிரெய்னியாக். இவை ஏராளமாக விற்றன, இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 1985இல் டார்க்சைட் கூட்டமும் கிரீன் ஆரோ, டாக்டர் ஃபேட் போன்றவர்களுமாக 11 பேர். 1986இல் 10 பேர். அதற்குள் விற்பனை சரிந்துவிட்டது. முதல் இரண்டு தொகுதிகளோடு அட்டைக்குள் வந்த குட்டி காமிக்ஸைக்கூட மூன்றாவதில் நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர்கள் குறைவாகவே வாங்கினார்கள். அதனால்தான் அந்த 10 பேர், குறிப்பாக மாற்றுக் கைகள் எல்லாம் தொலையாத சைபார்க், இன்று கைக்குச் சிக்குவதில்லை. கிளார்க் கென்ட்டைச் சேர்த்தால் மொத்தம் 34. உங்கள் பெட்டியில் மூன்றாம் தொகுதி ஆள் யாரும் இல்லை.

டார்க்சைட் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். சந்தை விலை என்னவாக இருந்தாலும், பெட்டியில் எனக்குப் பெரியவர் அவர்தான். டார்க்சைடையும் அவர் உலகத்தையும் 1970, 71இல் உருவாக்கியவர் ஜாக் கிர்பி. அமெரிக்க காமிக்ஸின் பாதி உலகம் அவர் பென்சிலில் பிறந்தது. ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் எத்தனை கோடி சம்பாதித்தாலும் வரைந்தவருக்கு ஒன்றும் கிடையாது. 1980களில் டிசி புதிய பாத்திரங்களுக்கு ராயல்டி கொடுக்க ஆரம்பித்திருந்தது. பழையவற்றுக்கு அது பொருந்தாது. அப்போது டிசியில் இருந்த ஜெனெட் கான், பால் லெவிட்ஸ் இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தப் பொம்மை வரிசைக்காக அந்தப் பாத்திரங்களை மறுபடி வடிவமைத்துத் தரும்படி கிர்பியையே கேட்டார்கள். புதிய வடிவமைப்பு என்பதால் ராயல்டி போய்ச் சேர்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் படைப்பிலிருந்து வரும் பங்கு என்று அவர் கண்ட மிகச் சில வரவுகளில் ஒன்று இது. அந்தச் சின்னப் பொம்மையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். உழைத்தவன் வீட்டுக்குக் காசு போய்ச் சேர்ந்த பொம்மை அது.

கழுவலாம், ஆனால் ஊறவைக்கக் கூடாது. உள்ளே நெம்புகோல் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் வெளியே வராமல் தங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, குழந்தைகளுக்கான மெத்தென்ற பல் பிரஷ், நனைத்துப் பிழிந்த துணி போதும். கேப்பை முடிந்தால் கழற்றித் தனியாக அலசி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், பிளீச், ஸ்பிரிட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, பெயின்ட் கையோடு வந்துவிடும். மேற்பரப்பு பிசுபிசுவென்று இருந்தால் அது அழுக்கு இல்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த பொருள் மெல்ல மெல்ல வெளியே கசிகிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். ஒன்றோடொன்று ஒட்டி அடுக்க வேண்டாம். ஜன்னல் வெயிலும், கோடையில் கொதிக்கும் அட்டிக்கும் இவற்றுக்கு எமன்.

மகனுக்குக் கொடுப்பது பற்றி. என் பதில், இப்போது வேண்டாம். இந்தப் பொம்மைகளில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இவை செய்யப்பட்டபோது அமெரிக்காவில் பொம்மை பெயின்ட்டில் ஈயத்துக்கான வரம்பு பத்து லட்சத்தில் 600 பங்கு. 2008இல் வந்த சட்டம் அதை 90 ஆக்கியது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் சில தாலேட்டுகளுக்கும் அதே சட்டத்தில்தான் கட்டுப்பாடு வந்தது. பழைய பெயின்ட் உதிரும். 4 வயதுப் பிள்ளை விரலை வாயில் வைக்கும். அதோடு பெங்குவினின் குடை, ஹாக்மேனின் கதாயுதம் மாதிரியான துண்டுகள் விழுங்கும் அளவுதான். நீங்கள் கையில் வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் அழுத்திக் காட்டுங்கள், டார்க்சைட் கண்ணை ஒளிர வையுங்கள், பிறகு அலமாரியில் ஏற்றிவிடுங்கள். எட்டு, ஒன்பது வயதில் கேப் இல்லாத அந்தச் சூப்பர்மேனை அவன் கையில் கொடுத்துவிடலாம், கை கழுவும் பழக்கத்தோடு. விளையாடத் தேய்ந்த பொம்மைக்கு அதுதான் மரியாதை.

விற்பதானால், ஈபேயில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டு, உங்களுடையதைப் போலவே அட்டை இல்லாமல், அதே தேய்மானத்தோடு போனவற்றின் விலையை மட்டும் பாருங்கள். கிளார்க் கென்ட்டைத் தனியாகவும், மற்றவர்களை மொத்தமாகவும் போடலாம். கேப் வாங்கிச் சூப்பர்மேனுக்கு மாட்டலாமே என்று தோன்றும். சந்தையில் புதிதாகத் தைத்த நகல் கேப்களும் நகல் ஆயுதங்களும் நிறைய. உங்கள் அலமாரிக்கு மாட்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் விற்கும்போது நகல் என்று எழுதிவிடுங்கள். பேட்மேனின் கிழிந்த கேப்பை மாற்றவே வேண்டாம். கிழிந்திருந்தாலும் அசல் அசல்தான்.

கடைசியாக, அந்த ஷூ பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அடியில் கிடக்கும் தூசியையும் குப்பையையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டித் தேடுங்கள். அக்வாமேனின் திரிசூலம், ஜோக்கரின் சுத்தியல், கிரீன் ஆரோவின் வில் எல்லாம் குச்சி மாதிரி மெலிந்தவை, மடிப்பில் சிக்கிக்கொள்ளும். பொம்மையின் மதிப்பில் பெரும்பங்கு அந்தத் துண்டுகளில்தான். அந்தப் பெரியவர் வீட்டார் இன்னும் தொடர்பில் இருந்தால், பட்டன் டப்பா, ஆணி டப்பா, பழைய குட்டி காமிக்ஸ், வெட்டிப்போட்ட அட்டை எதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கென்னரில் யாராவது வேலை பார்த்தார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சின்சினாட்டி சுற்றுவட்டாரத்தில் ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பெயின்ட் அடிக்காத மாதிரிகள் இப்படித்தான் கராஜ் சேல்களில் வெளிப்பட்டிருக்கின்றன. இருந்தால், கழுவாமல் முதலில் எனக்குப் படம் அனுப்புங்கள்.