சிஎன்சி ரவுட்டருக்கு எந்த ஸ்க்ரூ போடலாம்?

கேள்வி: வீட்டிலேயே சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மெஷின்) செய்துகொண்டிருக்கிறேன். நீளவாக்கில் 900 மி.மீ., குறுக்கே 600. நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார்கள் (படிப்படியாகச் சுழல்பவை) வாங்கியாகிவிட்டது. பெரும்பாலும் பிளைவுட், எம்டிஎஃப், எப்போதாவது அலுமினியம். ஹார்டுவேர் கடை எம்8 த்ரெட் ராடே போதும் என்கிறார் நண்பர், டி8 (3டி பிரிண்டரில் வரும் 8 மி.மீ. ஸ்க்ரூ) போதும் என்கிறார் கடைக்காரர், மற்றவர்கள் பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) என்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: எம்8 ராடை முதலிலேயே கழித்துவிடுங்கள். அது இறுக்கிப் பிடிப்பதற்கான மரை, நாள் முழுக்க ஓடுவதற்கானது அல்ல. ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ.தான் நகரும், ஸ்டெப்பர் மோட்டாரின் இழுவை வேகம் கூடக்கூடக் குறையும் என்பதால் 600 ஆர்பிஎம் என்று கணக்கு வைத்தால், நிமிடத்துக்கு 750 மி.மீ. அவ்வளவு மெதுவாகப் போனால் எம்டிஎஃப் வெட்டுப்படுவதைவிடக் கருகுவதுதான் அதிகம்.

டி8 வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பெயரில் முக்கியமாக இரண்டு சரக்கு விற்கிறது. இரண்டிலும் மரைக்கு மரை 2 மி.மீ.தான், ஆனால் ஒற்றை ஸ்டார்ட் (ஒரே மரை இழை சுற்றி வருவது) என்றால் சுற்றுக்கு 2 மி.மீ. நகரும், நான்கு ஸ்டார்ட் என்றால் 8 மி.மீ. நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பி ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறிய மெஷினுக்கு டி8 நல்லதுதான், உங்கள் 900 மி.மீ.க்குத்தான் ஒத்துவராது. மரையின் அடிவிட்டம் 6 மி.மீ.கூடத் தேறாது, அந்த நீளத்தில் 600 ஆர்பிஎம்மை நெருங்கும்போதே ராடு நடுவில் வில்லாக வளைந்து துள்ள ஆரம்பிக்கும். நீளம் இரட்டிப்பானால் இந்தத் துள்ளல் வேகம் கால்வாசியாகிவிடும், அதனால்தான் சின்ன 3டி பிரிண்டரில் ஜம்மென்று ஓடுவது இங்கே படுத்துகிறது.

ஆகவே நீளம், குறுக்கு இரண்டுக்கும் 1605 பால் ஸ்க்ரூ போடுங்கள், அதாவது 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ. அதே 600 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. கிடைக்கும், சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டாரை ஓட்டும் டிரைவரில் எட்டில் ஒரு மைக்ரோஸ்டெப் வைத்தால் (ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரித்தால்) மி.மீ.க்கு 320 ஸ்டெப்.

ஸ்பிரிங் நட் (ஸ்பிரிங்கால் இறுக்கிய இரட்டை நட்) போட்டால் டி8-லேயே ஆட்டம், அதாவது நட்டுக்கும் மரைக்கும் நடுவிலுள்ள தளர்வு, போய்விடுமே என்று கேட்பீர்கள். மரத்தில் போய்விடும். அலுமினியத்தில் கிளைம்ப் கட் (பிட் சுழலும் திசையோடு சேர்த்து நகர்த்தி வெட்டுவது) எடுத்தால் பிட் மேசையைத் தன் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பு ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டினால் மறுபடி ஆட்டம்தான். ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள்: அச்சு திசை மாறும் அந்த நான்கு இடங்களிலும் சின்னத் தட்டையோ படியோ விழுந்திருந்தால் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

இசட் அச்சு (மேலும் கீழும் நகர்வது) கதை வேறு. பால் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு ஓடுவது, கரண்ட் போனால் கனமான ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) தானாகவே இறங்கி பிட்டை உடைக்கலாம். அங்கே சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் 10 மி.மீ. டிரபிசாய்டல் ஸ்க்ரூ (டி8 மாதிரியே பட்டை மரை கொண்டது) போதும், அது தானாகவே பிடித்து நிற்கும். நீளமும் குறைவு, வேகமும் அவ்வளவு வேண்டாம்.

அப்புறம், ஸ்க்ரூவில் காசு போட்டுவிட்டு முனையில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஸ்க்ரூவின் முனைகளைத் தாங்கும் பேரிங் கட்டைகளில் மோட்டார் பக்கம் பிகே12, மறுபக்கம் பிஎஃப்12. தள்ளுவிசை முழுவதையும் பிகே12-தான் தாங்க வேண்டும், மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங் அல்ல. வெட்டுள்ள அலுமினிய கப்ளிங் நீளவாக்கில் ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். முனைகளைக் கடைந்தே தரச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். மேல்தோல் கடினப்படுத்தியிருப்பார்கள், நம்மூர் லேத்தில் சாதாரண டூல் அதன்மேல் சறுக்கும்.

வந்ததும் ஆர்வத்தில் நட்டைக் கழற்றிவிட வேண்டாம், குண்டுகள் கொட்டிவிடும். கழற்றியே ஆக வேண்டுமென்றால் அடிவிட்டத்தைவிடக் கொஞ்சம் சன்னமான குழாயை முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன்மேல் நேராக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.