பழைய கோம்பியும் எதிர்க்காற்றும்: கேள்வி பதில்

மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோலுக்குப் புது விலை வந்துவிடும். அன்று மாலையே என் வீட்டு வாசலில் நாலைந்து வேன்கள் நிற்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், பேனல் பீட்டிங் (வண்டித் தகடு நிமிர்த்தும்) பட்டறை நடத்தி ஓய்ந்தவன் நான். 1997ஆம் ஆண்டு மைக்ரோபஸ் ஒன்று வைத்திருக்கிறேன், கோம்பி என்று நாங்கள் கூப்பிடும் ஃபோக்ஸ்வாகன் வேன், 2.6 லிட்டர் இஞ்சின். அதன்மேல் நான் ஒட்டிப் பார்க்காத அட்டை இல்லை, வெட்டிப் பார்க்காத தகடு இல்லை. காற்றுத் தடையைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சம் பிடிப்பது பற்றி அண்மையில் வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன்.

டொங்காட்டிலிருந்து: அண்ணா, என்னுடையதும் மைக்ரோபஸ்தான். நெடுஞ்சாலையில் 120இல் போனால் 100 கிலோமீட்டருக்கு 14 லிட்டர் குடிக்கிறது. முகம் செங்கல்போல் இருப்பதால்தானே? முன்னால் ஃபைபரில் ஒரு கூர்மூக்கு பொருத்தலாமா?

முகத்தைப் பழிக்காதீர்கள் தம்பி. முதல் தலைமுறைக் கோம்பியை வடிவமைத்தபோதே ஜெர்மனியில் பிரவுன்ஷ்வெய்க் தொழில்நுட்பக் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துப் பார்த்துவிட்டார்கள். தட்டை முகத்துக்குக் காற்றுத் தடை எண் (குறையக் குறையக் காற்று எளிதாக வழுக்கும்) 0.75 வந்தது. விளிம்புகளை உருட்டியதும் 0.44 அளவுக்கு இறங்கியது. கூர்மூக்கு தேவைப்படவில்லை, உருண்ட விளிம்பே போதுமாக இருந்தது. அந்த வேலை 1950க்கு முன்பே முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது மூக்கு வைத்தால் எடை கூடும், முகப்பு விளக்கு மறையும், வேறொன்றும் நடக்காது.

தொல்லை பின்னால் இருக்கிறது. முகத்தை ஒட்டி வழுக்கி வரும் காற்று, பின்கதவில் சுவர் திடீரென முடிந்ததும் திரும்ப முடியாமல் அறுந்துவிடுகிறது. அங்கே அழுத்தம் குறைந்த ஒரு குழி உண்டாகிறது. அந்தக் குழி வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. அடுத்த எதிரி அடிவயிறு. இஞ்சின், குழாய், அச்சு என்று அங்கே எல்லாம் மேடும் பள்ளமும்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து: மாமா, கையில் காசில்லை. எதிலிருந்து தொடங்குவது?

வலது காலிலிருந்து. சிரிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். முகப்புப் பரப்பு 3 சதுர மீட்டர், தடை எண் 0.44 என்று வைத்துக்கொண்டால், கடல்மட்டத்தில் 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வண்டியை ஏறக்குறைய 90 கிலோ விசையோடு பின்னால் தள்ளுகிறது. 100இல் அது 62 கிலோ. 50இல் வெறும் 16. இரண்டு டன் வண்டிக்கு டயர் உருளும் தடை எந்த வேகத்திலும் 24 கிலோ அளவில் நிற்கும். ஆக 120இலிருந்து 100க்கு இறங்கினாலே மொத்த இழுப்பில் கால் பங்கு போய்விடுகிறது. இஞ்சின் மெதுவாகப் போகும்போது அவ்வளவு திறமையாக எரிக்காது என்பதைக் கழித்தாலும், 14 லிட்டர் குடித்த வண்டி 11 அல்லது 11.5க்கு வந்துவிடும். டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர். உங்களுக்கு இழப்பு எட்டு நிமிடம். நான் வெட்டிய எந்த அட்டையும் இந்த அளவு மிச்சம் தந்ததில்லை.

பிறகு டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் குளிர்ந்த டயரில் நிரப்புங்கள்.

வெருலத்திலிருந்து: தைப்பூசத்துக்குக் காவடி கட்டிப் போக வேண்டும். அதற்காகவே கூரையில் கேரியர் போட்டிருக்கிறேன். அதுவும் செலவு வைக்குமா?

வைக்கும். ஆண்டுக்கு ஒரு நாள் காவடி, மீதி நாளெல்லாம் வெறுங்கேரியர். முருகனே கழற்றி வைக்கத்தான் சொல்வான். வட்டக் கம்பி ஒவ்வொன்றும் தன் பருமனைக் காட்டிலும் பெரிய சுழலைக் கிளப்பும். அந்த ஊளைச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போடுகிறீர்கள். நான்கு போல்ட், பதினைந்து நிமிட வேலை.

ஸ்டாங்கரிலிருந்து: முன் கிரில்லை அட்டை வைத்து மூடினால் காற்று உள்ளே போகாமல் வழுக்கிப் போகும் என்கிறார்களே?

உண்மைதான். அதே உண்மை இஞ்சினைச் சூடேற்றி, அதன் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டையும் தின்னும். மைக்ரோபஸ்ஸுக்கு இஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். தட்டையான N2 நெடுஞ்சாலையில் கீழ்க் கிரில்லில் கால் பங்கை மூடிப் பார்க்கலாம், வெப்ப முள்ளில் ஒரு கண் வைத்துக்கொண்டு. வான் ரீனன் கணவாய் ஏறப் போகிறீர்கள் என்றால் அட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். என் உறவினர் ஒருவர் நாதாங்கி போட்டதுபோல் முழுவதையும் மூடிவிட்டு, கணவாயின் அடிவாரத்தில் நீராவியோடு நின்றார். மிச்சம் பிடித்த பெட்ரோல் பணம் இழுவை வண்டிக்குப் போதவில்லை.

பின்பக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் தூணில் இருக்கும் காற்றுப் பிளவுகளைத் தொடவே கூடாது. இஞ்சின் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். காற்றால் குளிரும் பழைய கோம்பி என்றால் இரட்டிப்புக் கவனம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து: பின்னால் குழி உண்டாகிறது என்றீர்கள். அதை எப்படி அடைப்பது?

அடைக்க முடியாது, சிறிதாக்கலாம். பின்கதவின் கூரை விளிம்பிலும் இரு பக்க விளிம்பிலும் உள்நோக்கிச் சாய்ந்த பலகைகளை நீட்டினால் காற்று கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டே வளைந்து வரும். குழி சுருங்கும். சாய்வுதான் உயிர்நாடி. 10 பாகையிலிருந்து 15 பாகைக்குள் வையுங்கள். அதற்கு மேல் சாய்த்தால் காற்று பலகையை விட்டு அறுந்துவிடும், பலகை வெறும் சுமையாகிவிடும்.

சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு எளிய வழி உண்டு. பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல்களை வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். பின்னால் இன்னொரு காரில் நண்பரை வரச் சொல்லிப் படம் பிடியுங்கள். நூல் பின்னோக்கி அமைதியாகப் படுத்திருந்தால் காற்று ஒட்டியிருக்கிறது. பேய் பிடித்ததுபோல் சுழன்றால் அந்த இடத்தில் அறுந்துவிட்டது. அட்டையில் முதலில் செய்யுங்கள், நூல் சம்மதித்த பிறகு அலுமினியத்துக்குப் போங்கள். நான் முதல் முறை நேராக அலுமினியத்தில் 25 பாகையில் செய்து, இரண்டு வார உழைப்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன்.

மொத்தக் காற்றுத் தடையில் பத்து சதவீதம் குறைத்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். வீட்டு வேலைக்கு அது நல்ல பலன்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இதற்கு என்ன அட்டை வாங்குவது?

தேர்தல் முடிந்ததும் விளக்குக் கம்பங்களில் தொங்குகிறதே, நெளிவு வைத்த பிளாஸ்டிக் பலகை, அந்த ரகம்தான். எடை குறைவு, கத்தியால் வெட்டலாம். கம்பத்திலிருந்து கழற்றிவராமல் விளம்பரப் பலகை செய்பவரிடம் கழிவுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். தலைவர்களின் முகம் உள்பக்கம் இருக்கும்படி ஒட்டினால் சாலையில் சண்டை வராது.

அடிவயிற்றை மூடவும் இதே பலகை உதவும், ஆனால் புகைக்குழாயிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும். எண்ணெய் கசியும் இஞ்சினின் கீழ் வைக்கவே வேண்டாம். தீ விபத்துக்கு அழைப்பு அது.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு சகோதரி: வீல்களுக்கு வட்டத் தட்டு மூடி போட்டேன். டர்பனுக்கு வரும்போது மிகவும் குறைவாகக் குடித்தது. திரும்பிப் போகும்போது பழையபடி ஆகிவிட்டது. மூடி தளர்ந்துவிட்டதா?

மூடி தளரவில்லை அம்மா, நீங்கள் மலையிறங்கி வந்தீர்கள். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், டர்பன் கடலோரம். இரண்டு டன் வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே நான்கு லிட்டர் அளவு பெட்ரோல் வேண்டும். மேலே காற்றும் மெலிந்தது; தடை குறையும், இஞ்சின் பலமும் குறையும். இந்தப் பயணத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இப்படிச் செய்யுங்கள். காற்றில்லாத விடியற்காலை, சமமான ஒரே சாலை, பின்னால் வண்டி எதுவும் வராத நேரம். 100ஐத் தாண்டியதும் கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள், இஞ்சினை அணைக்காதீர்கள், பிரேக்குக்கு அது வேண்டும். வேகம் 100இலிருந்து 80க்கு இறங்க எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும்; விநாடி கூடினால் தடை குறைந்திருக்கிறது. எதிர்த்திசையிலும் அதே போல. மூடி இல்லாமல், மூடியோடு, மறுபடி மூடி இல்லாமல். முதல் அளவும் மூன்றாம் அளவும் ஒத்துவந்தால்தான் நடு அளவை நம்பலாம். டர்பன் கடலோரத்தில் வடகிழக்கு, தென்மேற்கு என்று காற்று மாறி மாறி அடிப்பதால் ஒரு திசை அளவு நிச்சயம் பொய் சொல்லும்.

மூடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கு முன்னால் டவுன் ஹில் என்ற மலையின் இறக்கத்தில் பிரேக் எப்படிச் சூடாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

உம்சிண்டோவிலிருந்து: கூரையின் பின்விளிம்பில் ஒட்டும் சிறுசிறு பிளாஸ்டிக் துடுப்புகள் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். பயன் உண்டா?

சாய்ந்து இறங்கும் பின்பக்கம் உள்ள கார்களில் சில நேரம் உண்டு. நம் வேன் வெட்டிய சுவர். அங்கே காற்று எப்படியும் அறுந்துதான் தீரும். திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள்.

மீண்டும் ஃபீனிக்ஸிலிருந்து: என்னுடையது பழைய டொயோட்டா ஹையேஸ் வேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் சந்தைக்கும்தான் ஓடுகிறது. இதெல்லாம் செய்யலாமா?

வேண்டாம். நின்று நின்று போகும் வண்டிக்குக் காற்று எதிரி அல்ல. பிளக், ஏர் ஃபில்டர், உரசும் பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். பின்சீட்டுக்கு அடியில் கிடக்கும் அந்தச் சிமெண்டு மூட்டையையும் இறக்குங்கள், போன வாரம் என் கண்ணில் பட்டது.

ஐசிபிங்கோவிலிருந்து: பின்கதவில் நீட்டிய பலகையோடு ரோட்வர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும்) சோதனைக்குப் போனால் தள்ளிவிடுவார்களா?

நம்பர் பிளேட், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எதையும் எந்தக் கோணத்திலும் மறைக்கக் கூடாது. கூர்விளிம்பு இருக்கக் கூடாது. பாதசாரிமேல் உரசினால் வெட்டக் கூடாது. பின்கதவு முழுதாகத் திறக்க வேண்டும். நான் ஆறு போல்ட்டில் கழன்று வரும்படி செய்திருக்கிறேன். சோதனைக்குப் போகும் காலையில் கழற்றிக் கராஜில் சாத்திவிட்டுத்தான் போவேன்.