மார்பகப் புற்றுநோய் ஆப்பரேஷனுக்குப் பிறகு அம்மாவைக் கையை அசைக்க விடலாமா?

உங்கள் அம்மாவுக்கு மார்பகத்தோடு கமுக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, இப்போது கீமோ தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் அசைக்க விடுங்கள். முறையாகச் சொல்லித்தர ஒரு பிசியோவையும் (உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர்) கேட்டு வாங்குங்கள்.

என் அம்மாவுக்கும் மட்டக்களப்பில் இதே ஆப்பரேஷன்தான் நடந்தது. பார்க்க வந்த மாமி, பெரியம்மா எல்லோரும் ஒரே பேச்சு: "கைய ஆட்டாத புள்ள, தையல் பிரிஞ்சிரும்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அசையாத தோள் சீக்கிரமே இறுகிவிடும். கதிர்ச் சிகிச்சை எடுக்கும்போது பெரும்பாலும் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்தபடி அசையாமல் படுக்கவேண்டும். அந்த நேரத்தில் கை மேலே போகாவிட்டால் பெரிய சிக்கல். இது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் நாட்களில் விரலை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது, தோளை மெல்லச் சுழற்றுவது போதும். தோளுக்கு மேலே கையைத் தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்று சேர்ஜன் சொல்வார். பிரித்தானியாவில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பரேஷன் முடிந்து 7 முதல் 10 நாட்களில் பிசியோவோடு பயிற்சி தொடங்கிய பெண்களுக்கு ஒரு வருடத்தின் பின் கை நன்றாக இயங்கியது, வலியும் குறைவாக இருந்தது.

அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "மறுகா செய்வம் மகள்" என்று தட்டிக் கழிப்பவர், தன் கோடு ஏறுவதைப் பார்த்ததும் தானாகவே சுவரடிக்குப் போகத் தொடங்கினார். இடையில் கமுக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் நூல் இழுத்தது போல ஒரு தடிப்பு தெரிந்தது. பயந்துவிட்டோம். இந்த ஆப்பரேஷனுக்குப் பின் பலருக்கும் வருவதுதான், நீட்சிப் பயிற்சியால் சரியாகும் என்று பிசியோ மிஸ் விளக்கினார். சரியாகியும்விட்டது.

கை வீங்கிவிடும், பாரம் தூக்கவே கூடாது என்பார்கள். 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஏற்கெனவே கை வீக்கம் உள்ள பெண்களே எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, பலம் கூடியது. முதல் நாளே கிணற்று வாளியை இழுக்கச் சொல்லவில்லை; மேற்பார்வையோடு, மெல்ல மெல்ல.

அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஒக்குபேஷனல் தெரபி (சுருக்கமாக ஓ.டி.) பற்றி எங்கள் பக்கம் யாரும் பேசுவதே இல்லை, அதுதான் எனக்கு ஆதங்கம். அந்தத் தெரபி தருபவர்கள் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் என்ன வேலை செய்ய ஆசை அம்மா?" இடியப்பம் பிழியவேண்டும் என்றார் அம்மா. உயரம் குறைந்த மேசையில், கதிரையில் இருந்தபடி, உரலில் பாதி மா மட்டும் போட்டு, இரண்டு கையாலும் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தப் பழக்கினார்கள். கீமோவில் விரல்நுனி மரத்து பிளவுஸ் கொக்கி மாட்ட முடியாமல் போனபோது, பயறும் உளுந்தும் கலந்து பிரித்தெடுக்கச் சொன்னார்கள். விரல் மரத்திருக்கும்வரை சூட்டுப் பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடக்கூடாது. பாதம் மரத்திருந்தால் வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும்.

கீமோ அசதிக்கு நாள் முழுக்கப் படுத்திருப்பது மருந்தில்லை. வாரத்தில் 3 நாள், 30 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் அசதி குறையும் என்று 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. 10 நிமிடத்தில் தொடங்குங்கள். கச்சான் சுடுகாற்று வீசும் காலத்தில் வெயில் தாழ்ந்த பிறகு வெளியே இறங்குங்கள். அம்மாவுக்குக் கல்லடிக் கடற்கரைதான் பிடித்தது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ, இரத்தத் தட்டுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தாலோ டொக்டரிடம் கேட்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கவேண்டாம்.

அடுத்த கிளினிக்கில் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "பிசியோவுக்கும் ஓ.டி.க்கும் துண்டு எழுதித் தாங்க டொக்டர்." அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. கூட்டத்தில் அவர்களாக நினைத்து எழுதும்வரை காத்திருக்கவேண்டாம். கை சிவந்து சூடாக இருந்தாலோ, 38 பாகைக்கு மேல் காய்ச்சல் காய்ந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.