ஓய்வை 60 வயது வரை தள்ளிப்போட வேண்டுமா?

கேள்வி: இலங்கையின் தலவாக்கலைப் பகுதியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக 20 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வயது 44, சம்பளம் 90,000 ரூபாய். மனைவி ஓய்வூதிய உரித்துள்ள அரச ஆசிரியை. தோட்டக் குவாட்டர்ஸில் வசிக்கிறோம். என் தந்தை, ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் சேர்க்கும் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த மறு வருடமே காலமானார். 60 வயது வரை ஓயாமல் உழைக்காமல், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் விடுமுறை எடுத்து அம்மாவுடன் திருச்சி உறவினர்களிடம் போய்வரவும், 50க்குப் பிறகு இலகுவான வேலைக்கு மாறி 65 வரை உழைக்கவும் எண்ணுகிறேன். இது சரிவருமா?

பதில்: சரிவரும்; மனைவியின் ஓய்வூதியம் இல்லாதிருந்தால் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க மாட்டேன்.

சம்பளமற்ற மூன்று மாதத்தில், சேமலாப நிதிக்கான உங்கள் 8 வீதப் பங்களிப்பு கழிந்து கைக்கு வரும் 82,800 ரூபாய் வீதம் 2,48,400 ரூபாயை இழப்பீர்கள். அத்துடன் உங்கள் பங்கும் முதலாளியின் பங்குமாகச் சேமலாப நிதியில் சேர வேண்டிய 54,000 ரூபாயும், முதலாளி மட்டும் செலுத்தும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 8,100 ரூபாயும் சேராமல் போகும். கையிழப்பை மட்டும் ஈடுசெய்ய, 36 மாதங்களுக்கு மாதம் 6,900 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வந்தால் போதும். பயணச் செலவு வேறு. நகையை அடகு வைத்துப் போகும் பயணத்தை நான் ஓய்வென்று கணக்கிடுவதில்லை.

விடுமுறைக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்பச் சேர வேண்டாம். வேலையிலிருந்து விலகும்போது முதலாளி தரும் சேவைக்காலப் பணம், ஐந்து ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு, இறுதியாகப் பெற்ற சம்பளத்தின் அடிப்படையில், ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளமாகக் கணிக்கப்படுகிறது. விலகி மீண்டும் சேர்ந்தால் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆகவே விடுமுறை அனுமதியை, சேவை முறியாது என்ற குறிப்புடன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இலகுவான வேலை விடயத்தில்தான் பலர் கவனிக்காத சிக்கல் இருக்கிறது. அதே கம்பனியில் 60,000 ரூபாய் வேலைக்கு இறங்கி, பின்னர் அங்கிருந்தே விலகினால், இன்றைய கணக்கில் 9,00,000 ரூபாயாக இருக்கும் சேவைக்காலப் பணம் அந்தச் சிறிய சம்பளத்தில் கணிக்கப்பட்டு, அதே 20 ஆண்டுகளுக்கு 6,00,000 ரூபாயாகச் சுருங்கும். எனவே கூடிய சம்பளத்தில் இருக்கும்போதே விலகி, உரியதைப் பெற்றுக்கொண்டு, வேறிடத்தில் இலகுவான வேலை தேடுவதே இலாபம். சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதில் பெறலாம் என்பதால், 50க்கும் 55க்கும் இடையில் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

வேலையை விட்டால் குவாட்டர்ஸையும் விட வேண்டியிருக்கும். அதனால் திருச்சிக்கு முன்னரே வீட்டைப் பற்றி யோசியுங்கள். 10 ஆண்டுகளுக்கு மேல் பங்களித்தவர் வீட்டுத் தேவைக்காகச் சேமலாப நிதி மீதியில் 30 வீதம் வரை முன்கூட்டியே பெற வழியுண்டு; அதைக் காணி வீட்டுக்கன்றி வேறெதற்கும் தொட வேண்டாம். 2022இன் விலைவாசியைப் பார்த்த பிறகு, பணத்தைப் பூட்டி வைத்தாலே பத்திரம் என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் விடுமுறையை, மழை குறைந்து கொழுந்து வரத்து இறங்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்துக்குக் கேட்டுப் பாருங்கள். அப்போது முகாமையாளருக்கும் மறுக்கக் காரணம் குறைவு. மனைவிக்குப் பாடசாலை இருக்கும் என்பதால், அவர் ஏப்ரல் விடுமுறையில் வந்து சேரும்படி இறுதி வாரங்களைச் சற்று நகர்த்திக் கொள்ளலாம்.