கார்பஸ் பணம் பில்டர் கையில்: கீழக்கரை, 24 வீடு

24 வீட்டில் 18 விற்றும் உங்கள் அடுக்ககத்தில் உரிமையாளர் சங்கம் இல்லை; கார்பஸ், அதாவது எதிர்காலப் பெரிய செலவுகளுக்கென்று நீங்கள் முன்கூட்டியே கட்டிய பொது நிதி, பில்டரிடமே இருக்கிறது. காத்திருக்க வேண்டாம். "மீதி ஆறும் விற்கட்டும், அப்புறம் சங்கம்" என்று பில்டர் சொல்வது செல்லாது. 2016 ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் சட்டம்) 11(4) பிரிவுப்படி, சங்கம் அமைய அவரே வழிசெய்ய வேண்டும்; இதற்கு உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடத்தில், பாதிக்கு மேல் புக் ஆன மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வேண்டும். உங்களிடம் 18 போயாச்சு.

இழுத்தடிக்கிறார் என்றால், கார்பஸ் தனிக் கணக்கில் இல்லாமல் அவருடைய நடப்புக் கணக்கில் கலந்திருக்கவும் கூடும். ரசீதை எடுத்துப் பாருங்கள்: 'கார்பஸ்' என்று தனியாகவா, 'இதர கட்டணம்' என்று மொத்தமாகவா? தனியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 18 ரசீதையும் கூட்டி, அந்தத் தொகைக்கு வங்கி ஸ்டேட்மென்ட், கூடவே லிஃப்ட், ஜெனரேட்டர் வாரன்டி எல்லாம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ரெரா ஆணையத்தில் புகார்.

கோபத்தில் மாதப் பராமரிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதே சட்டம் 19(6)-ல் உங்கள் பங்கைக் கட்டச் சொல்கிறது. கீழக்கரையின் உப்புக் காற்றில் மோட்டார் பேனலும் சண்டை முடியும்வரை காத்திருக்காது.