பட்டி ஏன் பொங்குகிறது? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: தம்பி பத்தாவது முடித்திருக்கிறான். கார் டிங்கரிங் (நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் வேலை) கற்க வேண்டுமாம். ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா, பட்டறையில் விடலாமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: முதலில் ஐ.டி.ஐ., பிறகு பட்டறை. 'மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர்' என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. ஆனால் எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது. கிடைக்காவிட்டால், இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக்கைவிட ஓராண்டு வெல்டர் பிரிவையே எடுக்கச் சொல்வோம். டிங்கருக்கு இன்ஜின் பிரிக்கத் தெரிவதைவிட, முக்கால் மில்லிமீட்டர் தகட்டை ஓட்டை விழாமல் பற்றவைக்கத் தெரிவதுதான் சோறு போடும்.

முடித்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகச் சேர முயலுங்கள். வளைந்த பாடியை பெஞ்ச் எனும் இரும்புச் சட்டத்தில் கட்டி இழுப்பது, அளவு பார்ப்பது எல்லாம் அங்கேதான் பழக முடியும். ஆனால் அங்கே கதவு பலமாக நசுங்கினால் கதவையே மாற்றிவிடுவார்கள். சுத்தியல் கை வர வேண்டுமானால் ஒரு நல்ல சிறு பட்டறையில் ஓராண்டாவது நிற்க வேண்டும். அங்கே ஒன்றில் மட்டும் கவனம்: எதற்கெடுத்தாலும் கேஸ் தீயால் தகட்டைக் காய்ச்சும் பழக்கம். இன்றைய கார்கள் பலவற்றில் பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவில் உள்ள தூண்) போன்ற இடங்களில் போரான் கலந்த மிக வலுவான எஃகு இருக்கிறது. சிவக்கக் காய்ச்சினால் அதன் வலு போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நான் போடும் பட்டியில் (தகட்டின் பள்ளத்தை நிரப்பும் பசை) ஊசிக்குத்துத் துளைகள் விழுகின்றன. சில வண்டிகளில் மழைக்காலம் போனதும் பெயிண்ட் பொங்கி வருகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: துளை, குழைப்பதில் வருவது. தோசை மாவைக் கலக்குவதுபோலச் சுழற்றினால் காற்று உள்ளே போகும். பிளேட்டால் அழுத்தி, மடித்து மடித்துக் குழையுங்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்). சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால், பெயிண்டுக்கு மேலே கறையாகக் கசியும். சித்திரை வெயிலில் குழைத்த பட்டி நாலைந்து நிமிடம்கூடத் தாங்காமல் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகவே குழையுங்கள்.

பொங்குவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறீர்கள் அல்லவா? பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் தகடு துருப்பிடிக்கும். பட்டியை உலர்வாகவே தேய்க்க வேண்டும்: 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 180, கடைசியில் 320. பிரைமர் சர்பேசர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்துக் காய்ந்த பிறகு தண்ணீர் விடலாம்.

இன்னொன்று, பட்டியின் கனம். தகட்டை நிமிர்த்திய பிறகு 2 மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்பட்டால் நிமிர்த்தல் முடியவில்லை என்று பொருள். மோதலில் கடைசியாக விழுந்த மடிப்பை முதலில் எடுங்கள். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நடுக்குழியை எடுத்த எடுப்பில் அடித்தால் தகடு நீண்டுவிடும். பிறகு விரலால் அமுக்கினால் எண்ணெய் டின்போல 'டொக்'கென்று உள்ளே போய் வெளியே வரும். அதன்மேல் எவ்வளவு நல்ல பட்டி போட்டாலும் வெடிக்கும். நிமிர்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். மெல்லிய துணிக்கையுறை போட்டு உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள், மேடு பள்ளம் தெரியும்.

கேள்வி: டூ-கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு) அடிக்கும்போது மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: போதாது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அதன்பின் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும், பெயிண்ட் வேலையையே விட வேண்டியிருக்கும். துணியும் தூசி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. வெளியிலிருந்து ஹோஸ் வழியே சுத்தமான காற்று தரும் முகமூடிதான் சரி. ஓனரிடம் கேட்டு வாங்குங்கள். பெயிண்ட் அடிக்கும் பூத்தில் ஃபேன் ஓடாமல் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்காதீர்கள்.